கவசம் பூண்ட கண்காணிப்பாளர்

குடிமக்கள் அனைவருக்கும் தூய்மையான குடிநீர் வழங்குவதே தனது தலையாய கடமை என்று எங்கள் ஊர்க் குடிநீர் வாரியம் தன் அலுவலக வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. காகிதத்தில் எழுதியிருந்தால் எப்போதோ திருத்தியிருப்பார்கள். கல் என்பதால் விட்டுவிட்டார்கள்.

எங்கள் தெருவுக்கும் அந்த வாரியம்தான் தண்ணீர் விடுகிறது. விடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். குழாயைத் திறந்தால் ஏதோ ஒன்று வரத்தான் செய்யும். முதலில் வெளிர்மஞ்சளாக வந்தது. பிறகு தேநீர் நிறத்துக்கு மாறியது. சென்ற கோடையிலிருந்து செங்கல்லை உரசிக் கரைத்த மாதிரி வருகிறது. எங்கள் தெருவில் யாரும் வெள்ளைத் துணி வாங்குவதில்லை. வாங்கினாலும் இரண்டு சலவைக்குப் பிறகு அது வெள்ளைத் துணி இல்லை.

நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அதனால் தெருவின் சார்பில் மனு எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுத்துப்பிழை இல்லாத மனுவுக்கு வாரியம் மரியாதை கொடுக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். முதல் மனுவுக்கு, 'தங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டது. கொள்ளப்பட்டதால் முடித்துவைக்கப்படுகிறது' என்று பதில் வந்தது. அடுத்ததற்கு, 'நிறம் என்பது காண்பவரின் கண்ணைப் பொறுத்தது. வாரியத்தின் பொறுப்பு குழாயின் வாய் வரையில்தான், கண் வரையில் அல்ல' என்று வந்தது. பிறகு ஒன்றில், நீரிலுள்ள இரும்புச்சத்து உடலுக்கு உகந்தது என்றும், அந்தச் சத்துக்கு வாரியம் இதுவரை தனிக் கட்டணம் விதிக்கவில்லை என்பதை நன்றியுடன் நினைவில் கொள்ளவும் என்றும் எழுதியிருந்தார்கள். 'இதுவரை' என்ற சொல்லைப் பார்த்ததும் தெருவே கொஞ்சம் அடங்கிப்போனது.

அடங்காதவர் தையலக்கா ஒருவர்தான். நான் குடியிருக்கும் மாடி அறைக்குக் கீழே அவர் தையல்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறவர். அந்த மனிதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தவர், ஆஸ்பத்திரியில் நார் மாதிரி கிடந்து திரும்பி வந்தார். டாக்டர் வேறெதுவும் கேட்கவில்லை. "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று மட்டும் கேட்டார். அக்கா ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் காட்டினார். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மருந்தை யார் எழுதிக் கொடுத்தது?" என்றாராம்.

அன்றிலிருந்து அந்தப் பாட்டில் அக்காவின் தையல் மெஷின் மேலேயே இருந்தது. "தம்பி, இதை அந்த ஆபீஸ்ல எவனாவது ஒருத்தன் ஒரு வாய் குடிக்கணும். அப்புறம் செத்தாலும் கவலையில்லை" என்றார். சாவது தானா, குடிக்கிறவனா என்று சொல்லவில்லை.

புகார்ப் பிரிவுக்குத் தலைவர் ஒரு கண்காணிப்பாளர். எங்களுக்கு வந்த பதில்கள் எல்லாவற்றிலும் கையெழுத்து அவருடையதுதான். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர் என்று சொல்லவும் அவர் யாருக்கும் வாய்ப்புக் கொடுத்ததில்லை. அவருடைய மனைவி அக்காவிடம்தான் துணி தைக்கக் கொடுப்பார். அந்த அம்மாவுக்கு வீட்டில் பேச ஆள் இல்லாததால், தைத்த துணியை வாங்கிக்கொண்ட பிறகும் அரைமணி நேரம் நின்று பேசிவிட்டுத்தான் போவார். அப்படித்தான் கண்காணிப்பாளரின் குடும்ப விஷயம் எங்களுக்குத் தெரியவந்தது.

ஒருநாள் அந்த அம்மா ஒரு அளவுக் குறிப்போடு வந்தார். "உள்ளே பஞ்சு வச்சு, மெத்தை மாதிரி தச்சு, முழுக்கை அங்கி ஒண்ணு வேணும். கழுத்து வரைக்கும் மூடணும். என் வீட்டுக்காரருக்கு."

"குளிர் தேசத்துக்குப் போறாரா?" என்று கேட்டார் அக்கா.

"இல்லை. பூங்காவுக்குப் போறாரு. அங்கிக்கு மேலே இரும்புச் சட்டை போடப்போறாரு."

அக்கா ஊசியைக் கீழே வைத்தார்.

அந்த அம்மா சொன்ன விவரம் இது. ஊரில் பெரிய மனிதர்கள் சிலர் சேர்ந்து பழங்கால இரும்புக்கவச நேயர் மன்றம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். தலைவர் ஒரு பல் டாக்டர். செயலாளர் ஒரு வீட்டுத் தரகர். எங்கோ தூரதேசத்தில், என்றோ ஒரு காலத்தில், குதிரைமேல் ஏறிச் சண்டை போட்டவர்கள் அணிந்த கவசத்தைப் போலவே இந்தக் காலத்தில் செய்து விற்கிறார்கள். அதைத் துண்டு துண்டாகத் தபாலில் வரவழைத்து, கோத்து, மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் பூங்காவில் நிற்கிறார்கள்.

"நின்னு?"

"நிக்கிறாங்க. அவ்வளவுதான். உக்கார முடியாது. உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்."

கண்காணிப்பாளருக்கு முதலில் இடது கால் வந்தது. பிறகு வெகுநாள் கழித்து ஒரு தோள். பிறகு இன்னொரு இடது கால் வந்து, அதைத் திருப்பி அனுப்பி, வலது கால் வந்து சேர்ந்தது. தலை வந்தபோது அவர் அதை மடியில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார். "தவணை முறையில ஒரு மனுஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்துச்சு. கடைசியில பார்த்தா, ஏற்கெனவே இருந்த ஆளேதான் உள்ளே இருந்தாரு" என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டார்.

மன்றத்தில் சட்டதிட்டங்கள் கடுமை. கவசம் ஒரே நூற்றாண்டைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும். கண்காணிப்பாளருக்குக் கால் பதினான்காம் நூற்றாண்டு மாதிரி, தலை பதினைந்தாம் நூற்றாண்டு மாதிரி. இதை வீட்டுத் தரகர் கண்டுபிடித்து, பொதுக்குழுவில் எழுந்து, "வரலாற்றோடு விளையாடுவதை மன்றம் வேடிக்கை பார்க்காது" என்று பேசினார். ஒரே வீட்டை மூன்று பேருக்கு விற்ற வழக்கு அவர்மேல் அப்போது நடந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்டு, கடன் வாங்கிக் காலை மாற்றினார்.

அதற்குப் பிறகும் ஒரு குறை மிச்சமிருந்தது. கவசம் பளபளவென்று புதுப் பாத்திரக்கடை மாதிரி இருந்தது. பழங்காலத்துப் பொருள் என்றால் ஒரு பழுப்பு ஏறியிருக்கவேண்டும், ஓரங்களில் துரு பூத்திருக்கவேண்டும், ஆனால் உளுத்துப்போகக் கூடாது. மன்றத்தினர் தங்கள் கவசங்களைத் தேயிலை நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். காடியில் துடைத்துப் பார்த்தார்கள். பல் டாக்டர் தன் மார்புக்கவசத்தை ரோஜாப் பாத்தியில் புதைத்து வைத்தார். ரோஜாச் செடிதான் பட்டுப்போனது. எல்லோரும் புத்தம் புதிய பழமையோடு தலைகுனிந்து பூங்காவில் நின்றார்கள்.

இதெல்லாம் பெரிய மனிதர்கள் வீட்டு விவகாரம். நம் தெருவுக்கு இதனால் என்ன என்றுதான் நாங்கள் நினைத்தோம். அக்கா அங்கியைத் தைத்துக் கொடுத்தார். "நம்ம மனுவை எல்லாம் உள்ளே பஞ்சுக்குப் பதிலா வச்சுத் தச்சிருந்தா இன்னும் கனமா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

இந்த நேரத்தில் வாரியத்தின் இயக்குநர் ஏதோ ஒரு நிர்வாகப் பயிற்சிக்குப் போய்த் திரும்பினார். அவர் எப்போது பயிற்சிக்குப் போனாலும் அலுவலகம் நடுங்கும். முன்பு ஒருமுறை போய் வந்து, எல்லோரும் நின்றுகொண்டே வேலை செய்யவேண்டும் என்றார். இன்னொருமுறை சுவர்களை இடித்து, எல்லோரும் எல்லோரையும் பார்க்கும்படி செய்தார். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்த்துப் பேசுவதில்லை. இந்தமுறை அவர் கற்று வந்தது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் உயிருள்ள சின்னம் வேண்டும் என்பது.

கண்காணிப்பாளரிடம் கவசம் இருப்பது அவர் காதுக்கு எட்டியது. உடனே சுற்றறிக்கை வந்துவிட்டது. 'குடிநீர் வாரியம் குடிமக்களின் கவசம்' என்பது இனி வாரியத்தின் முழக்கமாக இருக்கும். குறைதீர்க்கும் நாளன்று புகார்ப் பிரிவின் கண்காணிப்பாளர் முழுக் கவசம் தரித்து, கூடத்தின் நடுவே நின்று, மக்கள் மனத்தில் பாதுகாப்பு உணர்வை ஏற்படுத்துவார். அன்னார் அவ்வமயம் பேசுதல், அசைதல், தும்முதல் கூடாது.

அந்தக் குறைதீர்க்கும் நாளுக்கு நானும் அக்காவும் போனோம். அக்கா பாட்டிலை எடுத்துக்கொண்டார். நான் புதிய மனுவை எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் வழக்கமாகக் கேட்கும் சத்தம் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் கவசத்தைச் சுற்றி நின்று கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்கில் தண்ணீரே வராத ஒரு தெருவின் ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்கள் கவசத்தோடு குடும்பமாக ஒரு படமெடுத்துக்கொண்டு, மனுவை மறந்து வெளியே போனதை நானே பார்த்தேன். இயக்குநர் ஒரு தூணோரம் நின்று இதையெல்லாம் பூரிப்போடு கவனித்தார். பிற்பகல் வரை ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை.

அக்கா நேரே மேசைக்குப் போனார். அங்கே ஓர் எழுத்தர் இருந்தார்.

"கண்காணிப்பாளரைப் பார்க்கணும்."

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீங்க. நடுவுல நிக்கிறாரே."

"அவர்கிட்ட மனு கொடுக்கணும்."

"கொடுக்க முடியாதும்மா. இன்னைக்கு அவர் சின்னம். சின்னத்துக்கிட்ட மனு கொடுக்க விதியில இடமில்லை."

"சரி, எப்ப மனுஷனா இருப்பாரு?"

"அடுத்த வாரம் வந்து கேட்டுப் பாருங்க. நிச்சயமாச் சொல்ல முடியாது."

அக்கா கவசத்தின் முன்னால் போய் நின்றார். முகத்தடுப்பு கீழே இறங்கியிருந்தது. கண்ணுக்கு நேரே இரண்டு கீற்று, வாய்க்கு நேரே நாலைந்து ஓட்டை. "சார், என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பொழச்சு வந்திருக்காரு. நீங்கதான் கையெழுத்துப் போட்டு, இது சத்துன்னு எழுதி அனுப்பினீங்க" என்றார். கீற்றுக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். "காது கேக்குதா சார்?" என்றார். இரும்பு லேசாகக் கிறீச்சிட்டது. அது ஆம் என்பதா, இல்லை என்பதா, கால் மாற்றி நின்றதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. செவிடன் காதில் சங்கு ஊதுகிற கதை எல்லோருக்கும் தெரியும். செவிடன் காதை இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

அக்கா பாட்டிலைத் திறந்தார். தலைக்கவசத்தின் உச்சியிலிருந்து நிதானமாக ஊற்றினார். கீற்று வழியாக, ஓட்டை வழியாக, கழுத்து இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. மிச்சம் மார்புத் தகட்டில் வழிந்து முழங்கால்வரை போனது.

உள்ளே இருமல் கேட்டது. இரண்டு கைகளும் முகத்தடுப்பைத் தூக்கப் பார்த்தன. அது எங்கோ சிக்கிக்கொண்டது. "இது என்ன?" என்று ஒரு குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "என்ன இது? வாய்க்குள்ள போயிடுச்சு."

"தண்ணி சார்" என்றார் அக்கா. "நீங்க விடுற தண்ணி."

"இதையா குடிக்கிறீங்க?"

அக்கா பாட்டிலை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

இயக்குநர் தூணிலிருந்து பாய்ந்து வந்தார். வாரியத்தின் சின்னத்துக்கு ஊறு விளைவித்ததாக வழக்குப் போடப்போவதாகச் சொன்னார். பிறகு யோசித்தார். ஊற்றியது வாரியத்தின் தண்ணீர். அது கெட்டது என்றால் வழக்கு நிற்கும், வாரியம் விழும். நல்லது என்றால் ஊறு விளையவில்லை. சட்டப்பிரிவு மூன்று நாள் கூடிப் பேசி, அது ஒரு நீர் தெளிக்கும் மரியாதை என்று முடிவுக்கு வந்தது.

கண்காணிப்பாளருக்கு அன்று சாயங்காலமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கவசத்தைக் கழற்றி அலுவலகக் கிடங்கில் போட்டுவிட்டு, ஆள் வீட்டில் போய்ப் படுத்தார். பத்து நாள் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தபோது முகத்தில் கோபமே இல்லை.

"படுக்கையில இருந்தபடியே பேப்பர் கேட்டாரு. 'அந்தத் தெருக் குழாயை உடனே மாத்தணும், நான் நேரடியாக ஆய்வு செய்தேன்' அப்படின்னு கைப்பட எழுதி அனுப்பினாரு. நேரடியாத்தான் ஆய்வு செஞ்சாரு, பாவம். கட்டினதுலேருந்து முதல் தடவையா அவர் மேல எனக்கு ஒரு மரியாதை வந்துச்சு" என்றார். பிறகு எழுந்து போகும்போது, "ஒரு வாரம் இருந்துச்சு" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில் கண்காணிப்பாளர் தேறி எழுந்து கிடங்குக்குப் போனார். கவசத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் ஆழ்ந்த பழுப்பு ஏறி, ஓரங்களில் மெல்லிய துரு பூத்து, மார்புத்தகடு ஏதோ போர்க்களத்தில் பரம்பரை பரம்பரையாக மழையில் நின்றது போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு அதை மாட்டிக்கொண்டு போனார். பல் டாக்டர் இடுப்புப் பையிலிருந்து பல் பார்க்கும் குட்டிக் கண்ணாடியை எடுத்து, இண்டு இடுக்கெல்லாம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கை கூப்பத் தோன்றிவிட்டது.

"ஐநூறு வருஷம் தெரியுது. எதுல ஊறவச்சீங்க?"

கண்காணிப்பாளர் நாக்கில் அந்தச் சுவை இன்னும் இருந்திருக்கவேண்டும். ஆனால் மன்றத்தில் அதுவரை யாரும் அவரைக் கைகூப்பிப் பார்த்ததில்லை. தெருவின் பெயரைச் சொல்லிவிட்டார்.

மறுநாளே எங்கள் தெருவில் கார்கள் வந்து நின்றன. பல் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பீப்பாயோடு இறங்கி, தையலக்காவிடம், "அம்மா, உங்க குழாயில கொஞ்சம் தண்ணி பிடிச்சுக்கலாமா?" என்று பணிவாகக் கேட்டார். எங்கள் தண்ணீரை ஒருவர் பணிவாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா திகைத்துப்போய், "எடுத்துக்குங்க, ஆனா குடிச்சிடாதீங்க" என்றார். டாக்டர் போகும்போது கையில் பணம் கொடுத்தார். அக்கா வேண்டாமென்று சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே இருக்க, கை மட்டும் வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. கவசம் அணிவது அதற்குள் நாகரிகமாகப் பரவிவிட்டிருந்தது. குறைதீர்க்கும் நாளன்று எடுத்த படங்கள் எங்கும் சுற்றியதில், வங்கி மேலாளர், பள்ளி முதல்வர், அடுக்குமாடிச் சங்கத் தலைவர் என்று யாரெல்லாம் மக்களை நேரில் சந்திக்க அஞ்சினார்களோ அவர்களெல்லாம் கவசம் வாங்கினார்கள். வாங்கிய எல்லோருக்கும் பழமை தேவைப்பட்டது. பழமை எங்கள் தெருக் குழாயில் வந்தது.

வீட்டுக்கு வீடு தொட்டி கட்டினோம். கவசங்களை ஊறவைத்து, எடுத்து, உலர்த்தி, மீண்டும் ஊறவைத்துக் கொடுத்தோம். அக்காவின் வீட்டுக்காரர் பீப்பாய்களை வேனில் ஏற்றி வெளியூர் மன்றங்களுக்கும் கொண்டுபோனார். அக்கா பஞ்சு அங்கி தைக்க இரண்டு பேரை வேலைக்கு வைத்தார். வாசலில் மாட்டும் பலகைகளுக்கு நான்தான் பிழை திருத்தினேன். 'அசல் துருநீர் இங்கு மட்டும்', 'கலப்படமற்றது, வேறு நல்ல தண்ணீர் சேர்க்கப்படவில்லை', 'ஆதியிலிருந்தே அழுக்கு' என்றெல்லாம் எழுதி வந்தார்கள். துருநீர் ஒரே சொல்லா, பிரித்து எழுதவேண்டுமா என்று தெருக்கூட்டத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க விவாதம் நடந்தது. தெருமுனையிலிருப்பவர்களுக்கு நிறம் கொஞ்சம் வெளிறி வருகிறதென்று அவர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

குடிப்பதற்கு எல்லோரும் கேன் தண்ணீர் வாங்க ஆரம்பித்தோம்.

இப்படி நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நேரத்தில், கண்காணிப்பாளர் படுக்கையில் எழுதிய குறிப்பு மேசை மேசையாக ஊர்ந்து, கையெழுத்து வாங்கி, அனுமதி பெற்று, ஒரு காலை வேளையில் லாரியாக வந்து எங்கள் தெருவில் நின்றது. லாரி நிறையப் புதிய குழாய்கள். கடப்பாரையோடு ஆட்கள் குதித்தார்கள். மேஸ்திரி சுண்ணாம்புக் கோடு போட ஆரம்பித்தார்.

அக்கா கடையிலிருந்து ஓடி வந்து கோட்டின் மேல் நின்றுகொண்டார். "என்ன செய்யறீங்க?"

"குழாய் மாத்தறோம்மா. நல்ல தண்ணி வரும்."

"யாரு கேட்டா?"

மேஸ்திரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "தையல்கடை அம்மான்னு போட்டிருக்கு. நீங்கதானே?"

"அது அப்ப."

அதற்குள் தெருவே திரண்டுவிட்டது. அக்காவின் வீட்டுக்காரர் வேனைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினார். மேஸ்திரி வேலையில் சேர்ந்த நாளிலிருந்து, தண்ணீர் கேட்டு மறியல் செய்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார். அவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. வாரியத்துக்குத் தகவல் போய், கண்காணிப்பாளரே வந்தார். அன்று அவர் சாதாரணச் சட்டையில்தான் இருந்தார். ரொம்பச் சின்ன மனிதராகத் தெரிந்தார்.

"உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில கெடந்தாரேம்மா" என்றார் அக்காவிடம்.

"அதான் இப்ப கேன் தண்ணி வாங்கறோம் சார்."

"கேன் வாங்க முடியாதவங்க?"

எங்கள் தெருவின் பின்கட்டு ஒன்றில், துணி தேய்க்கிறவர் ஒருவர் கைக்குழந்தையோடு குடித்தனம் இருக்கிறார். அவருக்குச் சொந்தமாகக் குழாயும் கிடையாது, தொட்டியும் கிடையாது. அவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தார். எல்லோரும் ஒருமுறை அவரைப் பார்த்தோம். பிறகு எல்லோரும் பீப்பாய்களைப் பார்த்தோம். "அவர் எழுத்துமூலம் எதுவும் கொடுக்கலையே சார்" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் சொன்னது. சொன்னது நானில்லை. ஆனால் சொல்லப்பட்ட விதத்தில் பிழை எதுவும் இல்லை என்று நினைத்தது நினைவிருக்கிறது.

கண்காணிப்பாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் படுத்துக்கெடந்தப்ப மனசாட்சிப்படி எழுதினேம்மா" என்றார்.

"உடம்பு சரியில்லாதப்ப எழுதினது சார். அதைப் பெருசா எடுத்துக்காதீங்க" என்று அக்கா அவரைத் தேற்றினார்.

குழாயை மாற்றவேண்டாம் என்று தெருவே கையெழுத்திட்ட மனுவை அங்கேயே எழுதிக் கொடுத்தேன். லாரி திரும்பிப் போனது. வாரியத்தின் வரலாற்றில் மனுதாரர் கேட்டபடியே, கேட்ட அன்றே, முழுமையாகத் தீர்த்துவைக்கப்பட்ட முதல் குறை அதுதான். அதற்காக இயக்குநருக்கு மேலிடத்தில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். எதையும் செய்யாமல் இருப்பதன் வழியே மக்களின் மனநிறைவைப் பெறுவது எப்படி என்று அவர் இப்போது மற்ற வாரியங்களுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கிறார். கண்காணிப்பாளர் மன்றத்தின் துணைத்தலைவராகிவிட்டார்.

எங்களுக்கு நிம்மதி அதிக நாள் நீடிக்கவில்லை. அடுத்த தெருக்காரர்கள் குறைதீர்க்கும் நாளன்று கூட்டமாக வாரியத்துக்குப் போனார்கள். தங்கள் தெருவில் காலங்காலமாகத் தெளிந்த தண்ணீரே வருகிறது, இது அப்பட்டமான பாரபட்சம், தங்களுக்கும் துரு வேண்டும் என்று கேட்டார்கள். எங்களுக்குப் பதில் எழுதுவதற்கே பருவங்கள் எடுத்துக்கொண்ட வாரியம், அவர்களுக்கு அந்த வாரமே பள்ளம் தோண்டி, எங்கள் குழாயோடு அவர்கள் குழாயை இணைத்துக் கொடுத்தது. நல்லதைக் கெட்டதாக்குவதற்கு வேண்டிய ஆள், கருவி, அனுபவம் எல்லாம் வாரியத்திடம் தயாராக இருந்தது.

திறப்பு விழாவில் இயக்குநர் குழாயைத் திருகினார். செங்கல் நிறத்தில் கொட்டியது. அடுத்த தெருவே கைதட்டியது. நாங்கள் எங்கள் வாசலில் நின்று வயிறெரிந்தோம். மறுவாரமே பாதிக் கார்கள் அங்கே போய் நின்றன.

தெருக்கூட்டம் கூடியது. விடக்கூடாது என்று ஒருமனதாக முடிவானது. இந்தமுறை நான் எழுதிய மனு, இதுவரை எழுதியவற்றிலேயே உருக்கமானது. தையலக்கா அதை ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்கு எடுத்துப்போய்க் கண்காணிப்பாளரிடம் கொடுத்தார். அவர் கவசத்தின் முகத்தடுப்பைத் தூக்கிவிட்டுப் படித்தார். படித்துவிட்டு ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார்.

"அடுத்த தெருவுக்கு உடனே தூய்மையான குடிநீர் கொடுக்கணும்னு கேக்கறீங்க. அவங்களுக்காக நீங்க ஏன் கேக்கறீங்க?"

"அவங்களும் மனுஷங்கதானே சார்" என்றார் அக்கா. அவர் குரல் நிஜமாகவே தழுதழுத்தது. "புள்ளகுட்டிக்காரங்க. அந்தத் தண்ணியை எப்படி சார் குடிப்பாங்க?"

அடுத்த தெருவின் கடைசி வீட்டுக்கும் தெளிந்த நீர் போய்ச்சேரும் வரை ஓய்வதில்லை என்று எங்கள் தெரு உறுதி பூண்டிருக்கிறது.